ஏழாவது பிளாட்பாரம், நாலு பத்து

பேருந்து நிலைய ஓய்வறை
ஞாயிறு, மதியம்

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. முட்டி வலியைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை. நேற்றுதான் உன்னைப் பார்த்தேன். உள்ளங்கை அளவுக்கு, கையில் மைக்கோடு நின்றுகொண்டிருந்தாய்.

நடந்தது இதுதான். மதியச் சாப்பாட்டு நேரம். ஓய்வறையில் நாலு பேர் இருந்தோம். பாஸ் செக்‌ஷன்காரி போனைப் பார்த்துப் பார்த்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அக்கா, இந்தப் பொண்ணு சொல்ற அம்மா அச்சு அசல் உங்கள மாதிரியே இருக்காங்க, பாருங்களேன்" என்று போனை நீட்டினாள். பார்த்தேன். அச்சு அசல் நான்தான். என் மூக்குக்கண்ணாடி, என் இருமல், விசாரணை ஜன்னல் ஓட்டை வழியாகக் குனிந்து "அடுத்தது யாரு?" என்று கேட்கிற என் கழுத்து. எல்லாவற்றையும் செய்துகாட்டிக்கொண்டிருந்தது என் வயிற்றில் பிறந்தது.

இரண்டு வருஷமாக நீ காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாய் என்று டிப்போ முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். மேனேஜர் தன் பாலிசி விஷயமாக உன்னிடம் கேட்கச் சொல்லி மூன்று தடவை நச்சரித்தார். நீயும் ஒவ்வொரு தடவையும் "மேலிடத்துல கேட்டுச் சொல்றேம்மா" என்றாய். மேடையைத்தான் மேலிடம் என்று சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு நேற்றுதான் விளங்கியது. பாவம் அந்த மனிதர், இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

கோபம் வந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். போனில் திட்டலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போனில் உன்னோடு பேசினால், என் முறை வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். அதுவும் இரண்டாவது நிமிஷத்தில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னைப் பற்றிப் பேசுவதானால் ஒழுங்காகப் பேசு. ஒரு ஆள் வந்து "நாலரை மணி பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேட்டதாகவும், நான் "நாலரைக்கு" என்று சொன்னதாகவும் சொன்னாய். இதில் என்னடி சிரிப்பு இருக்கிறது? நான் சொன்னது அது இல்லை. "டிரைவர் டீ குடிச்சு முடிக்கறதப் பொறுத்தது" என்றேன். "அவரு எப்ப முடிப்பாரு?" என்றார். "டீக்கடைக்காரர் எப்பப் பேச்ச நிறுத்தறாரோ அப்ப" என்றேன். அந்த ஆள் நேராக டீக்கடைக்குப் போய், "கொஞ்சம் பேச்ச நிறுத்துங்க, பஸ்ஸு கிளம்பணும்" என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இதை உனக்கு நானே சொன்னேன். நீ வாலை வைத்துக்கொண்டு யானையை விட்டுவிட்டாய்.

அப்புறம், இரைக்க இரைக்கப் பேசுகிறாய். மைக்கில் ஒரு பஸ்ஸைச் சொன்னதும் உடனே நான் அடுத்ததைச் சொல்வதில்லை. ஜனங்கள் மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க நேரம் கொடுப்பேன். சிரிக்கிறவர்களுக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னாய். "இந்த ஊர்ல எந்த பஸ் எங்க போகுதுன்னு எங்கம்மாவக் கேளுங்க, டக்குனு சொல்லுவாங்க. எங்கப்பா எங்க போனாருன்னு மட்டும் கேக்காதீங்க. அதுக்கு மட்டும் தகவல் இல்ல." அரங்கமே அதிர்ந்தது. ஓய்வறையிலும் சிரித்தார்கள். டைம்கீப்பர் மட்டும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, டீ கிளாஸைக் கழுவ எழுந்து போனார். நல்ல ஜோக்தான். அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

உன் அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. உன் வீடியோவை அவளுக்கும் அனுப்பினேன். அவள் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்! கூட்டுக் களவாணிகள்.

கோபம் முழுதாகத் தீரவில்லை. தீர்ந்ததும் தனியாக எழுதுகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு. நன்றாக இரு, நாலு பேரை நன்றாகச் சிரிக்க வை.

உன் அம்மா
(அச்சு அசல்)

* * *

மூன்று வருஷம் கழித்து
புதன், வீட்டிலிருந்து

அன்புள்ள வாயாடிக்கு,

உன் படம் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் ஆயிற்று. பார்த்ததும் எழுதக்கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இப்போது அவிழ்த்துவிட்டேன்.

டிப்போவிலிருந்து ஒன்பது பேர் போனோம். நிலையத்துக்கு எதிரே இருக்கிற தியேட்டர்தான். நீ கதாநாயகியின் தோழி. மொத்தம் பதினோரு நிமிஷம் வருகிறாய், டைம்கீப்பர் பழக்க தோஷத்தில் மணி பார்த்துக் குறித்துவிட்டார். அந்தப் பதினோரு நிமிஷத்தில் மூன்று தடவை விழுகிறாய். ஒரு தடவை நீ உட்கார்ந்ததும் நாற்காலி உடைகிறது. நாற்காலி உடைந்தபோது என் பக்கத்தில் இருந்தவன் விசில் அடித்தான். நான் எழுந்து, அவன் காலை மிதித்துக்கொண்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது இன்னொரு காலையும் மிதித்தேன்.

கண்ணே, நீ குண்டாக இருப்பது எனக்குத் தெரியும். நான் ஊட்டியதுதானே. அதை வைத்து நீயே மேடையில் பேசியபோது எனக்கு வலிக்கவில்லை. அங்கே பேசியது நீ. ஜனங்கள் உன் வாயைப் பார்த்தார்கள். இங்கே உன் வாயைத் திறக்கவே விடவில்லை.

சிரிப்புப் பகுதி முழுக்க நீயே எழுதியதாகப் போனில் சொன்னாய். அதனால் படம் தொடங்கும்போது பெயர் போடுகிற இடத்தில் கண் இமைக்காமல் பார்த்தேன். இல்லை. முடியும்போது இருக்கும் என்று உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் எழுந்து போய், துடைப்பத்தோடு ஆள் வந்துவிட்டார். பாஸ் செக்‌ஷன்காரி ஆபரேட்டரிடம் போய்ச் சண்டை போட்டாள். அவரும் நல்ல மனிதர், கடைசிப் பகுதியை மறுபடி ஓட்டிக் காட்டினார். டீ கொடுத்தவர் பெயர்கூட இருக்கிறது. அது நியாயம்தான், அவர் டீ கொடுத்திருக்கிறார். நீயும் ஏதோ கொடுத்திருக்கிறாய் அல்லவா?

இன்னொன்று. கதாநாயகன் பஸ்ஸுக்காக நிற்கும்போது ஒரு வசனம் சொல்கிறானே, "சீக்கிரம் போகணும்னா நேத்தே வந்திருக்கணும்" என்று. அது என் ஜன்னலில் நான் சொன்னது. என் வாயிலிருந்து உன் வாய்க்கு வந்தது சரி. நீ என் மகள். அந்த ஆளின் வாய்க்கு அது எப்படிப் போயிற்று? தியேட்டர் முழுக்கக் கைதட்டியது. என்னோடு வந்த எட்டுப் பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒருபக்கம் பெருமை, இன்னொரு பக்கம், என் செருப்பை யாரோ போட்டுக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

இப்படித்தான் உள்ளே நுழைய முடியும் என்று நீ சொல்வாய். இருக்கலாம். எனக்கு உன் தொழில் தெரியாது. ஆனால் தவறான பஸ்ஸில் ஏறிவிட்டு, எப்படியும் நகர்கிறதே என்று உட்கார்ந்திருக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடலாம். வெட்கம் ஒன்றும் இல்லை. நீ சின்ன வயதில் முழுநீளக் கதையாகச் சொல்வாயே, ஆரம்பம் நடு முடிவு என்று, நாங்கள் தூங்கிப்போனாலும் விடாமல்? அப்படி ஒன்றை எழுது. யாரிடமும் கொடுக்காதே. நீயே வைத்துக்கொண்டு நில்.

இங்கே பெரிய மின்பலகை வைத்திருக்கிறார்கள். பஸ் நேரமெல்லாம் சிவப்பு எழுத்தில் ஓடுகிறது. என் வேலைக்கு உலை என்று நினைத்தேன். இப்போது கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது. முன்பு "பஸ் எப்போது?" என்று கேட்டவர்கள், இப்போது "பலகையில போட்டிருக்கே, அது நெசமா?" என்று கேட்க வருகிறார்கள்.

உன் அக்கா மகனுக்குப் பல் முளைத்துவிட்டது. முதல் கடி எனக்குத்தான். மருமகன் உன் படத்தைப் பார்த்துவிட்டு, "நாற்காலிக் காட்சி நல்லா இருந்துச்சு அத்தை" என்றார். அவருக்கு அன்று டீ கொடுக்கவில்லை.

நீ விழுந்த இடமெல்லாம் நிஜமாகவே அடிபட்டதா? இடுப்பைப் பார்த்துக்கொள். ஒரு நல்ல நாற்காலி வாங்கிப் போட்டு, அதில் உட்கார்ந்து எழுது.

உன் அம்மா

* * *

இன்னும் மூன்று வருஷம் கழித்து
வெள்ளி, விசாரணை ஜன்னலில்

என் அன்பு மகளுக்கு,

உன் பார்சல் திங்கட்கிழமை வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கத் திரைக்கதை. முதல் பக்கத்தில் "எழுத்து, இயக்கம்" என்று போட்டு உன் பெயர். விரலால் தடவிப் பார்த்தேன். டைம்கீப்பர், "என்ன, மை காஞ்சிடுச்சான்னு பாக்கறீங்களா?" என்றார்.

மூன்று நாளாக ஜன்னலில் வைத்தே படித்தேன். ஒரு பக்கம் படிப்பேன், ஒரு ஆள் வருவார், அவரை அனுப்பிவிட்டு அடுத்த பக்கம். இரண்டு பேரைத் தவறான பிளாட்பாரத்துக்கு அனுப்பிவிட்டேன், அந்தப் பாவம் உன்னைச் சேர்ந்தது. முதல் பாதி முழுக்கச் சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் பயந்துபோனார்கள்.

நேற்று போனில் நீ சொன்னதைச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா பார். அம்மா வேஷத்துக்கு ஒப்புக்கொண்ட அந்தப் பெரிய நடிகை விலகிவிட்டார். அழுகிற காட்சி இன்னும் இரண்டு வேண்டும் என்றார், நீ முடியாது என்றாய். படப்பிடிப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. தயாரிப்பாளர், ஒன்று நீயே நடி, இல்லையென்றால் படத்தை மூடு என்கிறார். நீ என்னிடம், "அம்மா, நான் உன்னை மாதிரி நடிக்கலாமா?" என்று கேட்கிறாய். ஏழெட்டு வருஷமாகக் கேட்காமலே செய்துகொண்டிருந்தவளுக்கு இப்போது என்ன திடீர் மரியாதை? நடி. படத்தில் அந்த அம்மாவுக்கு முப்பத்துமூன்று வயது. அப்போது எனக்கும் அதுதான், இப்போது உனக்கும் அதுதான். உன்னைவிட யாருக்கு அது பொருந்தப்போகிறது?

ஆனால் நடிக்கிறவள் நீயென்றால், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வேறு யாராவது நடித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

அறுபத்து நாலாவது பக்கத்தில் அப்பா போய்விடுகிறார். அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். அலமாரியில் அவர் துணி இல்லை. அப்படியே தரையில் சரிந்து விழுகிறாள். குழந்தைகள் கதவோரம் நின்று பார்க்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை.

அப்போது உனக்கு எட்டு வயது. அப்பா எங்கே என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். அதை நம்பிக்கொண்டுதான் மேடையில் அந்த ஜோக்கைச் சொன்னாய். இந்த ஜன்னலில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறேன். நான் தெரிந்தே கொடுத்த தவறான தகவல் ஒன்றே ஒன்றுதான். அது உனக்குக் கொடுத்தது.

அன்று பள்ளி விடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால். வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கடைசியில் உன் அப்பா நின்றார். அன்று காலையில் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். அதைக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன்னால் வந்து கொடுத்திருக்கலாமே, ஏன் வரிசையில் நிற்கிறார் என்றுகூட நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அவர் அப்படித்தான், எங்கேயும் முண்டியடித்துப் போகமாட்டார்.

அவர் முறை வந்தது. கண்ணாடியை ஓட்டை வழியாக உள்ளே வைத்தார். கர்சீப்பில் சுற்றியிருந்தார். நான் எடுத்துப் போட்டுக்கொண்டேன். அதன் பிறகுதான் அவர் கையில் இருந்த பை தெரிந்தது.

"துறைமுகம் பஸ் எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

துறைமுகத்திலிருந்து திரும்பி வர கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும். அதனால் அந்த ஊருக்குப் போகிற எல்லாரிடமும் நான் வழக்கமாக ஒன்று கேட்பேன். வாய் பழக்கத்தில் அவரிடமும் கேட்டேன், "திரும்பி வர பஸ் டைம் சொல்லட்டுமா?"

"வேணாம்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவ்வளவுதான். நான், "ஏழாவது பிளாட்பாரம், நாலு பத்து" என்றேன். அவர் கொஞ்சநேரம் நின்றார். பின்னால் இருந்தவர், "சார், கொஞ்சம் நகருங்க, அவசரம்" என்று உள்ளே தலையை நீட்டி, "அம்மா, கக்கூஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். இடது பக்கம், சுவரை ஒட்டி என்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்தபோது உன் அப்பா அங்கே இல்லை.

நாலு ஐந்துக்கு அந்த பஸ்ஸை நான்தான் மைக்கில் அறிவித்தேன். நிற்கிற ஊர் எல்லாவற்றையும் சொல்லி, மூன்று தடவை. டைம்கீப்பர் விசில் கொடுத்தார். உன் அப்பா ஏறியதை அவர் பார்த்தார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் நாலு ஐந்துக்கு நான் மைக்கை எடுக்கப் போனபோது, அவர் முந்திக்கொண்டு எடுத்தார். இருபத்தைந்து வருஷமாக அந்த பஸ்ஸை மட்டும் அவர்தான் சொல்கிறார். தவளைக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு குரல். பயணிகள் எத்தனையோ புகார் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். தரையில் விழவில்லை. நீயும் அக்காவும் மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தீர்கள். நீ கேட்டாய், நான் தெரியவில்லை என்றேன். இன்னொரு கேள்வி கேட்கப்போகிறாய் என்று தெரிந்தது. வாயைத் திறந்தால் வேறு ஏதாவது வந்துவிடும் போல இருந்தது. அதனால் கக்கூஸ் கேட்ட ஆள் எப்படி நடந்து போனார் என்று நடந்து காட்டினேன். காலைக் காலோடு ஒட்டிக்கொண்டு, நடுவில் இரண்டு தடவை நின்று. உனக்கு நினைவிருக்கிறதா? விக்கல் வரும்வரை சிரித்தாய். நீ நிறுத்தினால் கேட்பாய் என்று பயந்து, டீக்கடைக்காரரைச் செய்தேன், மேனேஜரைச் செய்தேன். டிப்போவில் ஒருவர் பாக்கியில்லை. சிரித்துச் சிரித்து நீங்கள் அப்படியே தூங்கிப்போனீர்கள்.

உன் அப்பாவைக் கெட்டவராகக் காட்டாதே. அடித்ததில்லை, குடித்ததில்லை. வீட்டுக்குள் இருக்கும்போதும் வாசலில் நிற்கிறவர் மாதிரி இருப்பார், அவ்வளவுதான். நாம் மூன்று பேரும் பேசுகிற பேச்சில் அவருக்கு முறையே வரவில்லையோ என்று சில நாள் நினைப்பேன். முறை வராவிட்டால் வரிசையில் நிற்க வேண்டும், ஊரை விட்டா போவார்கள் என்றும் சில நாள் நினைப்பேன். எது சரி என்று இன்றுவரை தெரியவில்லை. கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார், அதையும் காட்டு.

அவர் ஏறிய பஸ் எனக்குத் தெரியும். இறங்கிய இடம் தெரியாது. ஆகவே உன் ஜோக் பாதி சரி.

இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. பத்து நாளில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். வேண்டுமானால் எடு, வேண்டாமென்றால் நீ எழுதியபடியே இருக்கட்டும். படம் உன்னுடையது. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான் என்பதால் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தைரியமாக நில். என் கண்ணாடி மாதிரியே வேண்டும் என்றாயே, பழையதை இதோடு அனுப்புகிறேன். இடது காது பக்கம் கொஞ்சம் குத்தும்.

உன் அம்மா

* * *

அடுத்த வருஷம்
ஞாயிறு, காலை

என் செல்லத்துக்கு,

பார்த்துவிட்டோம். இந்தத் தடவை ஒன்பது பேர் இல்லை, நாற்பத்துமூன்று பேர். இரண்டு டிரைவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார்கள். பெயர் போடும்போது உன் அக்கா எழுந்து நின்று திரையைப் போட்டோ எடுத்தாள், பின்னால் இருந்தவர்கள் திட்டினார்கள். எழுத்து, இயக்கம், நடிப்பு. மூன்று இடத்திலும் நீ. மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவர் "வேணாம்" என்றதும் தியேட்டரில் மின்விசிறி சுற்றுவதுதான் கேட்டது. நீ அந்த ஓட்டை வழியாக அவரைப் பார்க்கிறாய். கண்ணாடியைச் சரிசெய்கிறாய். பிளாட்பாரம் சொல்கிறாய். பிறகு அந்த அவசரக்காரர் தலையை நீட்டியதும் பின்வரிசையில் ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்தினார். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினார்கள். நானும் சிரித்தேன். அன்று எனக்கு அது சிரிப்பாக இருந்திருக்கும் என்று எனக்கே இப்போதுதான் தோன்றியது.

உன் அக்கா படம் முடிந்ததிலிருந்து வீடுவரை என் கையை விடவில்லை. "எங்கிட்டகூடச் சொல்லலியேம்மா" என்றாள். "நீ மருந்துக்கடையில உக்காந்திருக்கறவ. உன் தங்கச்சி மாதிரி நீ அந்தத் தப்பான தகவல மேடையில சொல்லலியே" என்றேன். முறைத்தாள். கொஞ்சதூரம் போனதும், "அவரு பாத்திருப்பாரா?" என்று கேட்டாள். துறைமுகத்திலும் தியேட்டர் இருக்கும் என்றேன்.

ஒரு பத்திரிகையில் உன் படத்தை ஆகா ஓகோ என்று எழுதிவிட்டு, "ஆனால் இப்படியொரு தாயை நிஜத்தில் காண முடியாது" என்று முடித்திருக்கிறார்கள். பாஸ் செக்‌ஷன்காரி அதை வெட்டி என் ஜன்னலில் ஒட்டி, கீழே "தினமும் காலை பத்து முதல் மாலை ஆறு வரை காணலாம்" என்று எழுதிவிட்டாள். இப்போது வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப்பேருக்கு எந்த ஊருக்கும் போக வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்று ஒரு பெண், "மேடம், படத்துல மாதிரி எதாவது சொல்லுங்க" என்றாள். "அடுத்தது யாரு?" என்றேன். அதற்கே விழுந்து விழுந்து சிரித்தாள்.

டைம்கீப்பர் தன்னைப் போல நடித்தவரைப் பார்த்துவிட்டு, "நான் அவ்ளோ குண்டா?" என்று மட்டும்தான் கேட்டார். மறுநாள் நாலு மணிக்கு நான் அவர் மேஜைக்குப் போய், இனிமேல் துறைமுகம் பஸ்ஸை நானே சொல்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். மைக்கைக் கொடுக்கவில்லை. "அது என் பஸ்ஸு" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

உனக்கு அடுத்து இரண்டு படம் வந்திருப்பதாக அக்கா சொன்னாள். சந்தோஷம். ஒன்றில் உன்னை நாற்காலியில் உட்கார வைத்து உடைக்கப் பார்த்தார்களாம், நீ எழுந்து வந்துவிட்டாயாம். அதைக் கேட்டு எனக்குப் படத்தைவிட அதிக சந்தோஷம்.

அடுத்த மாதம் முப்பத்தொன்றாம் தேதி எனக்கு ஓய்வு. சின்னதாக ஒரு கூட்டம் வைக்கிறார்கள். மேனேஜர் பேசுவார், நீளமாகப் பேசுவார். நீ அதற்கு வர வேண்டியதில்லை. உன்னைப் பார்த்தால் கூட்டம் கூடிவிடும், பஸ் ஒன்றும் நகராது.

அதற்கு அடுத்த நாள் வா.

நீ வீட்டுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. முன்பெல்லாம் வந்தால் நான் பேசப் பேச மடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஏதாவது கிறுக்கிக்கொண்டிருப்பாய். நானும் உனக்கு உதவுமே என்று, இல்லாததையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்வேன். இந்தத் தடவை நோட்டு வேண்டாம். காலையில் எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இருக்காது. முப்பத்துச் சொச்ச வருஷத்தில் அப்படி ஒரு காலை எனக்கு வந்ததில்லை, எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

படத்தில் அந்த அம்மா அழவே இல்லை என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். சரியாகத்தான் செய்தாய். ஆனால் நீ வருகிற அன்று நான் கொஞ்சம் அழுவேன் என்று நினைக்கிறேன். ரொம்ப நேரம் ஆகாது. என்னைச் சிரிக்க வைக்காதே, சும்மா கூட உட்கார்ந்திரு. அதை மட்டும் எதிலும் எழுதிவிடாதே, கண்ணே.

நூறு வருஷம் நன்றாக இரு.

உன் அம்மா